நீரோடு மல்லுக்கட்டாதீர்கள்



சிதம்பரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இம்மாதம் இப்பகுதியின் பொருளைத் தீர்மானித்துவிட்டது. அவருடைய கணவருக்கு வயது 46. வளைகுடாவில் நெடுங்காலம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். சர்க்கரை நோய் தலைகாட்டியதால் மருத்துவர் நடக்கச் சொன்னார். முழங்கால் வலி நடக்கவிடவில்லை. அப்படியானால் நீந்துங்கள் என்றாராம். "சிறுவயதில் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றிலேயே கிடந்தவர் அவர். இப்போது நீச்சற்குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். வயதாகிவிட்டது, இனி நமக்கு ஆகாது என்று விட்டுவிடப் பார்க்கிறார். இது வயதின் கோளாறுதானா?" என்று அச்சகோதரி கேட்கிறார். கடிதத்தின் அடியில், எழுதலாமா வேண்டாமா என்று தயங்கி எழுதியதுபோல் இன்னும் ஒரு வரி இருந்தது: "எனக்கும் என் மூன்று பெண்மக்களுக்கும் நீச்சல் தெரியாது. வீட்டில் ஆண்களுக்குத் தெரிந்தால் போதும்தானே?"

முதற்கேள்விக்குரிய விடை சற்று நீளமானது. இரண்டாவதற்கு விடை ஒரே சொல்தான்: போதாது. ஏன் போதாது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் நாற்பதைத் தாண்டிய ஆண்கள் பலர் நீச்சல் தெரிந்தவர்களே. கடலூர் முதுநகர்க்காரர்களைக் கேட்டால் உப்பனாற்றைச் சொல்வார்கள். லால்பேட்டையில் வீராணம் ஏரி. சிதம்பரத்தில் கான்சாகிப் வாய்க்கால். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குப் பம்புசெட்டுக் கிணறு. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தூக்கிப் போட்டார்கள். இரண்டு மிடறு தண்ணீர் குடித்தோம். மூன்றாம் நாள் குடுக்கை இல்லாமலே கரையேறினோம். அவ்வளவுதான் நமக்குக் கிடைத்த பாடம். அந்தப் பாடம் மூழ்காமல் இருக்கக் கற்றுத் தந்தது. களைக்காமல் நீந்தக் கற்றுத் தரவில்லை. பத்து வயதில் அது குறையாகத் தெரியவில்லை. அந்த வயதில் உடல் இலேசு, மூச்சுக்குப் பஞ்சமில்லை, நீந்த வேண்டிய தூரமும் ஒரு கிணற்றின் அகலம்தான். 46 வயதில் 25 மீட்டர்க் குளத்தில் இறங்கும்போதுதான் அந்தப் பழைய கணக்கு உதைக்கிறது.

எனவே சகோதரியே, உங்கள் கணவருக்கு வந்திருப்பது வயதின் கோளாறு மட்டுமன்று. அவர் நீந்தும் முறையின் கோளாறே பெரும்பங்கு. இதை நான் துணிந்து சொல்லக் காரணம், சில ஆண்டுகளுக்கு முன் நானும் அதே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என்பதுதான்.

நீரின் இயல்பை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியுடையது. சாலையில் நடப்பவனுக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. நீந்துபவனுக்கோ நீர்தான் முழுத் தடையும். அந்தத் தடை எப்படி வளர்கிறது என்பது இன்னும் முக்கியம். வேகம் இரு மடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அதை வெல்ல நாம் செலவிடும் ஆற்றலோ எட்டு மடங்கு வேண்டியிருக்கிறது. ஆகவே இன்னும் வேகமாகக் கையை வீசினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைப்பவர் பாதிக் குளத்திலேயே தம் மூச்சைச் செலவழித்து முடித்துவிடுகிறார். அதே மனிதர் தம் உடலைச் சற்று நேராக்கி, நீரை முட்டும் பரப்பைக் குறைத்துக்கொண்டால், கூடுதல் பலம் எதுவுமின்றியே அதிக தூரம் போவார். வயது வந்தவர்கள் நீச்சலில் தேட வேண்டிய இலாபம் இங்கேதான் இருக்கிறது. வலிமையை ஏற்ற மாதங்கள் ஆகும். தடையைக் குறைக்கச் சில நாட்களே போதும்.

வலிமைதான் நீச்சல் என்றால் ஒரு சிறுவன் ஆங்கிலக் கால்வாயைக் கடந்திருக்க முடியுமா? ஈரோட்டைச் சேர்ந்த குற்றாலீஸ்வரன் 1994-ஆம் ஆண்டு அந்தக் கால்வாயை நீந்திக் கடந்தபோது வயது 12. மிகக் குறுகிய இடத்திலும் அது 33 கிலோமீட்டருக்குக் குறையாது. தண்ணீரோ எலும்பைக் குத்தும் குளிர். அவருக்கு முன்னோடியான மிஹிர் சென் 1958-இல் அதே கால்வாயைக் கடந்தவர். 1966-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையை நீந்தியபோது ஒரு பகலும் ஓர் இரவுமாக நீரிலேயே இருந்தார். இன்னும் பின்னே போனால், 1875-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த கேப்டன் மாத்யூ வெப் சுமார் 22 மணி நேரம் தவளை நீச்சலிலேயே போனார். இவர்களெல்லாம் நீரோடு மல்லுக்கட்டியிருந்தால் முதல் மணி நேரத்திலேயே படகில் ஏறியிருப்பார்கள். ஒவ்வொரு கைவீச்சிலும் எவ்வளவு குறைவாகச் செலவிடலாம் என்பதே நெடுந்தூர நீச்சல்காரர்களின் கணக்கு. அந்தக் கணக்கு 25 மீட்டர் நீந்தும் நமக்கும் பொருந்தும்.

இனி முறைக்கு வருவோம். முதலில் தலை.

கிணற்றிலும் ஆற்றிலும் கற்றவர்கள் ஏறக்குறைய எல்லோருமே தலையை நீருக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் நீந்துகிறோம். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, எதிரே யார் வருகிறார் என்று பார்க்க வேண்டும், மூச்சு விட வேண்டும் என்று நல்ல காரணங்கள் மூன்று வைத்திருக்கிறோம். ஆனால் மனிதத் தலை நான்கைந்து கிலோ எடையுள்ளது. நீருக்குள் இருக்கும்வரை அந்த எடையை நீர் தாங்கிக்கொள்கிறது. வெளியே தூக்கினாலோ அதை நம் கழுத்தும் இடுப்பும் சுமக்க வேண்டும். நெஞ்சில் காற்று நிரம்பிய நுரையீரல் இருப்பதால் மேலுடல் மிதக்கும்; கால்களுக்கு அப்படியொரு காற்றுப்பை இல்லை. தலை உயர்ந்தால் இடுப்பு தாழும், கால் அதற்கும் கீழே போகும். கிணற்று ஏற்றத்தில் ஒரு முனை ஏற மறுமுனை இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்படிச் சாய்ந்த உடலோடு நீந்துவது, கதவை அகலவாட்டில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் தள்ளுவதைப் போன்றது. பிறகு எவ்வளவு உதைத்துத்தான் என்ன?

ஆகவே முகத்தை நீருக்குள் வையுங்கள். பார்வை குளத்தின் அடித்தளத்தை நோக்கி, உங்களுக்குச் சற்று முன்னே படிய வேண்டும். பிடரி, முதுகு, இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்க்கோட்டில் நீர்மட்டத்தை ஒட்டி இருக்கட்டும். நெஞ்சை இலேசாக நீருக்குள் அழுத்தினால் இடுப்பு தானே மேலே வருவதை உணர்வீர்கள். நீச்சல் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் சிறுவர் சமாச்சாரம் என்று வெட்கப்படுவோர் உண்டு. கண்ணைத் திறந்து வைக்க முடியாதவர் தலையைத் தாழ்த்தவே மாட்டார் என்பதால், பெரியவர்களுக்குத்தான் அது முதலில் தேவை.

முகம் உள்ளே போனதும் அடுத்த சிக்கல் மூச்சு. உங்கள் கணவர் சுவரைப் பிடித்து நிற்பதற்கு இதுவே நேரடிக் காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். முகத்தை நீரில் வைத்தவுடன் பெரும்பாலோர் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். பிறகு தலையை வெளியே எடுத்த அரை நொடியில் உள்ளதை விட்டு, புதியதை இழுக்கப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நேரம் போதாது. பழைய காற்று பாதி உள்ளேயே தங்கிவிடுகிறது. மூச்சு முட்டுகிறதே என்ற தவிப்பு பெரும்பாலும் உயிர்வளி குறைந்ததால் வருவதன்று. கரியமில வாயு வெளியேறாமல் சேர்வதால் வருவது. ஆதலால் முகம் நீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் மூக்காலும் வாயாலும் காற்றைக் குமிழ்களாக விட்டுக்கொண்டே இருங்கள். ஊதித் தள்ள வேண்டாம். சூடான தேநீரை ஆற்றும்போது ஊதுவோமே, அவ்வளவு மெதுவாகப் போதும். வாய் வெளியே வரும்போது உள்ளே இழுக்கும் வேலை மட்டும் மிஞ்சியிருக்க வேண்டும்.

இதை நீந்தாமலே பழகலாம். இடுப்பளவு நீரில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை அமிழ்த்திக் குமிழ் விடுவதும், பக்கவாட்டில் திரும்பி இழுப்பதுமாக இருபது முப்பது முறை செய்யுங்கள். முதல் வாரம் முழுதும் இதையே செய்தாலும் நேரம் வீணாகாது. எனக்குப் பாடம் சொன்ன பயிற்சியாளர், என் மகன் வயதுடைய இளைஞர், முதல் மூன்று நாட்கள் என்னை நீந்தவே விடவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. நான்காம் நாள் அவர் சொன்னதன் பயன் புரிந்தது.

மூச்சு எடுக்கும்போது தலையை மேலே தூக்காமல், உடலோடு சேர்த்துப் பக்கவாட்டில் உருட்ட வேண்டும். தொழுகையின் முடிவில் ஸலாம் கொடுக்கும்போது தலை நிமிராமல் தோள்பக்கம் திரும்புகிறதல்லவா? அந்தத் திருப்பத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு கண்ணாடி நீருக்குள்ளும் மற்றது வெளியேயும் இருக்கும் அளவே திரும்ப வேண்டும்.

அடுத்தது கை. ஃப்ரீ ஸ்டைல் நீந்துபவர் நீரைப் படபடவென்று அடிப்பதால் நுரைதான் வரும், நகர்வு வராது. கை தோளுக்கு நேர் முன்னே, விரல் நுனி முதலில் அமிழும்படி நுழையட்டும். நுழைந்ததும் உடனே கீழே அழுத்திவிடாமல், எட்டாத பரணிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுக்கப் போவதுபோல் முன்னோக்கி நீட்டுங்கள். அந்த நீட்டலின்போது உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீண்டிருக்கும். நீண்ட உடல் நீரில் எளிதாக வழுக்கும். படகு கட்டுபவர்கள் ஏன் நீளமாகக் கட்டுகிறார்கள் என்று கடலூர் துறைமுகத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பிறகு முழங்கை மேலேயே நிற்க, முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து ஒரு துடுப்பாகி நீரைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். கீழ்நோக்கி அழுத்தும் பலமெல்லாம் தலையைத் தூக்கத்தான் உதவும். பின்னோக்கித் தள்ளும் பலமே நம்மை முன்னே கொண்டுபோகும். ஓர் எச்சரிக்கையும் இங்கே உண்டு. கையை முகத்துக்கு முன்னே குறுக்காகக் கொண்டுபோய் நுழைப்பவர்களுக்கும், கட்டைவிரலை முதலில் குத்துபவர்களுக்கும் நாளடைவில் தோள்வலி வரலாம். நாற்பதுக்கு மேல் வந்த தோள்வலி சீக்கிரம் போகாது.

காலைப் பற்றிச் சொல்வது சுருக்கமே. தொடைத் தசைகள் உடலின் மிகப் பெரிய தசைகள். அவை உயிர்வளியைக் குடிப்பதில் வள்ளல்கள். வேகப்பந்தயம் அல்லாத நீச்சலில் கால்களின் வேலை உடலைச் சமனாக வைத்திருப்பதே. எனவே இடுப்பிலிருந்து, முழங்காலை அதிகம் மடக்காமல், கணுக்கால் தளர்ந்திருக்க, சிறிய உதைகளாக உதைத்தால் போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் தவளை நீச்சலைத் தவிர்ப்பது நல்லது. அந்த உதையில் கால் வெளிப்புறமாகச் சுழல்வதால் மூட்டின் உட்பக்கம் இழுபடுகிறது. உங்கள் கணவர் இதைக் கவனிக்க வேண்டும். மூட்டு நோகாதவர்களுக்குத் தவளை நீச்சல் மிக இதமானதுதான். ஆனால் அவர்களும் ஒவ்வோர் உதைக்குப் பின்னும் உடலை நீட்டி, ஒன்று இரண்டு என்று எண்ணும் வரை சும்மா வழுக்கிச் செல்ல வேண்டும். அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் இலவசமாகக் கிடைக்கும் தூரம். நம்மவர்களுக்கு அதுதான் பொறுக்காது.

முன்னேற்றம் தெரிய ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனை சேர எத்தனை கைவீச்சு ஆகிறது என்று எண்ணுங்கள். வலக்கை ஒன்று, இடக்கை ஒன்று எனத் தனித்தனியாக. நான் தொடங்கியபோது 25 மீட்டருக்கு 31 ஆயிற்று. மூன்று மாதத்தில் 21-க்கு வந்தது, அல்ஹம்து லில்லாஹ். இடையில் என் கைபலம் ஒன்றும் கூடிவிடவில்லை. கடிகாரம் காட்டிய நேரமும் பெரிதாக மாறவில்லை. ஆனால் முன்பு ஒரு முனையோடு நின்றவன் பத்து முனைகள் தொடர்ந்து போகலானேன். எண்ணிக்கை களைப்பால் ஏறத் தொடங்கும்போது நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் நீந்தினால் தவறான முறையைத்தான் உடல் மனப்பாடம் செய்யும். நாளுக்கு அரைமணி, வாரத்துக்கு மூன்று நாள் என்பது குடும்பஸ்தருக்குப் போதுமான அளவு.

மருத்துவ முன்னெச்சரிக்கை சில. இன்சுலின் போட்டுக்கொள்வோரும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவோரும் வெறும் வயிற்றில் இறங்கக்கூடாது; சர்க்கரை அளவு திடீரென்று இறங்கினால் தரையில் மயங்குவதற்கும் நீரில் மயங்குவதற்கும் உள்ள வேறுபாடு எல்லோருக்கும் தெரியும். குளக்கரையில் இனிப்பு ஏதேனும் வைத்திருங்கள். உடன் இருப்பவரிடம் சொல்லியும் வையுங்கள். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். வேறொன்று இளைஞர்களுக்கு: யார் அதிக நேரம் நீருக்கடியில் மூச்சடக்குவது என்று பந்தயம் கட்டாதீர்கள். பந்தயத்துக்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்து விட்டால் கரியமில வாயு குறைந்துவிடுகிறது. அதனால் மூச்சு முட்டும் உணர்வே எழாமல், உயிர்வளி தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இன்றி நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள். நோன்பு நாட்களில் பகலில் நீந்துவதைத் தவிர்ப்பதே பேணுதலானது. தொண்டைக்குள் ஒரு மிடறு இறங்காது என்று உறுதி சொல்ல எந்த நீச்சல்காரராலும் முடியாது.

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன், சகோதரியே.

2022-ஆம் ஆண்டு ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை. நெல்லிக்குப்பத்துக்கு அருகே கெடிலம் ஆற்றின் தடுப்பணைப் பகுதியில் தேங்கிய நீரில் குளிக்கச் சென்ற ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். ஏழு பேரும் சிறுமியரும் இளம்பெண்களுமே. சிலர் ஆழத்தில் சிக்கிக்கொள்ள, அவர்களைக் காப்பாற்ற மற்றவர்கள் இறங்கினார்கள் என்று அப்போது செய்திகள் கூறின. அவர்கள் எந்தச் சமுதாயத்துப் பிள்ளைகள் என்பது இங்கே கேள்வியில்லை. அந்த ஆறு நம் வாசற்படியில் ஓடும் ஆறு. மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் இடையே பாலத்தில் போகும்போதெல்லாம் நாம் பார்க்கிற அதே கெடிலம்தான். மணல் அள்ளப்பட்ட ஆறுகளில், முழங்காலளவு நீருக்கு அடுத்த அடியே ஆள் மூழ்கும் பள்ளமாக இருக்கலாம். அந்தப் பள்ளத்துக்கு ஆண் பெண் வேற்றுமை தெரியாது. வீட்டில் ஆணுக்கு நீச்சல் தெரியும் என்பதும் தெரியாது. ஆண்கள் ஊரில் இல்லாத வீடுகள் நம்மில் எத்தனை! விடுமுறையில் பிச்சாவரத்துக்கோ தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்வது பெரும்பாலும் உம்மாவும் பாட்டியும்தானே?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் நீரில் மூழ்கி இறந்தோர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர். இதில் ஒவ்வொருவரும் குற்றாலீஸ்வரனாக நீந்தத் தெரியாததால் இறந்தார்கள் என்று எண்ண வேண்டாம். ஓரிரு நிமிடம் மல்லாந்து மிதக்கத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பவர்கள் அவர்களில் நிச்சயம் உண்டு. ஆகையால் உங்களுக்கும் மக்களுக்கும் நான் சொல்லும் முதற்பாடம் கைவீச்சன்று, மிதத்தல். காதுவரை நீருக்குள் தலையைச் சாய்த்து, முகம் வானம் பார்க்க, நெஞ்சில் காற்றை நிரப்பி, கைகளை விரித்து, இடுப்பை மேலே தள்ளினால் மனித உடல் மிதக்கும். உப்புநீர் கூடுதலாகத் தாங்கும். பயத்தில் எழுந்து உட்கார முயல்பவர்தான் மூழ்குகிறார். கைகள் இரண்டும் நீருக்குள் எட்டு வடிவில் மெல்ல வருடிக்கொண்டிருந்தால் நெடுநேரம் அப்படியே கிடக்கலாம். நன்றாக நீந்தும் ஆண்களிலேகூடப் பலர் இதைச் செய்ய முடியாமல் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கடலில் இன்னும் ஒன்று. கரையில் உடைந்த அலை திரும்பும்போது சில இடங்களில் வாய்க்கால்போல் ஒன்றுகூடி வேகமாக உள்ளிழுக்கும். அதை எதிர்த்துக் கரைநோக்கி நீந்துபவர் எவ்வளவு வல்லவரானாலும் களைத்துப்போவார். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த இழுப்பை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடலில் இறங்கவே வேண்டாம்.

ஒருவர் தத்தளிப்பதைக் கண்டால், நீச்சல் தெரியாதவர் எக்காரணத்தாலும் பின்னால் குதிக்கக்கூடாது. பாசம் இழுக்கும், ஆனாலும் கூடாது. கயிறு, நீண்ட கழி, துப்பட்டா, காலியான மூடியிட்ட பிளாஸ்டிக் குடம் என்று கையில் கிடைப்பதை நீட்டுங்கள் அல்லது எறியுங்கள். குரல் கொடுத்து ஆளைத் திரட்டுங்கள். மூழ்குபவர் தம்மைத் தொட்டவரை இறுகக் கட்டிக்கொள்வார். அது அவர் குற்றமன்று. மீட்புப் பயிற்சி இல்லாதவர், நீந்தத் தெரிந்தவராயினும், அந்தப் பிடியிலிருந்து மீள்வது அரிது. ஆற்றங்கரைக்குப் போகும்போது ஒரு கயிறும் ஒரு காலிக் குடமும் கூட எடுத்துப் போவது, பிரியாணிச் சட்டியை எடுத்துப் போவதைவிடச் சிரமமான காரியமா என்ன?

பெண்கள் நீந்துவது மார்க்கத்துக்கு ஏற்றதா என்று சிலர் தயங்குவார்கள். நீச்சல் கற்பதை வீண் விளையாட்டின் பட்டியலிலிருந்து விலக்கி வைக்கும் ஹதீஸ் நஸயீயில் பதிவாகியுள்ளது. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கும்படி உமர் (ரலி) அவர்கள் பணித்ததாகவும் சொல்லப்படுகிறது. நம் நாயகம் (ஸல்) அவர்கள் சிறுவயதில் அன்னையாருடன் மதீனா சென்றிருந்தபோது நஜ்ஜார் குலத்தாரின் கிணற்றில் நீந்திப் பழகியதாக இப்னு ஸஅதின் வரலாற்று நூலில் குறிப்பு இருக்கிறது. இவற்றில் ஆணுக்கு மட்டும் என்று எங்கும் இல்லை. பேண வேண்டியது மறைவும் தனிமையும். ஆண்களுக்கும் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைப்பு உண்டு என்பதை நம் இளைஞர்கள் நீச்சற்குளத்தில் மறந்துவிடுகிறார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெண்களுக்கு முழு உடலையும் தலையையும் மறைக்கும் நீச்சல் உடையை 2004-இல் ஆஸ்திரேலியாவில் வாழும் ஒரு முஸ்லிம் பெண்மணி வடிவமைத்தார்; இன்று அதைப்போன்றவை நம் ஊர்ச் சந்தையிலும் கிடைக்கின்றன. பருத்திச் சுடிதாரோடும் புர்க்காவோடும் நீரில் இறங்குவது ஆபத்து. நனைந்த துணி இழுக்கும், காலைச் சுற்றும். நீர் தங்காத, உடலோடு பொருந்தும் துணியும் அதன்மேல் தொடைவரை ஒரு மேலுடையுமே ஏற்றது.

இடத்துக்கு என்ன செய்வது என்பீர்கள். கடலூரில் அண்ணா விளையாட்டரங்கில் நீச்சற்குளம் உண்டு. பெண்களுக்கு மட்டுமான நேரம், பெண் பயிற்சியாளர், அந்நேரத்தில் ஆண் பணியாளர் இல்லாமை ஆகிய மூன்றையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். ஒரு தாயார் தனியே போய்க் கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். இருபது முப்பது பேரின் கையெழுத்தோடு ஜமாஅத் கேட்டால் பேச்சு வேறு விதமாக இருக்கும். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, முதுநகர் ஜமாஅத்துகள் கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்பே இதைத் தொடங்கினால்தான் மே மாதத்தில் பிள்ளைகள் நீரில் இறங்க முடியும். மகளிர் மதரஸா நடத்துவோரும் முயலலாம். வேன் அமர்த்திக் கூட்டிப்போவது அவர்களுக்குப் புதிதன்று.

உங்கள் கணவரிடம் இந்த இதழைக் கொடுங்கள், சகோதரியே. நாளை குளத்தில் இறங்கியதும் வேகத்தை மறந்து, முகத்தை நீரில் வைத்து, குமிழ் விட்டபடி ஒரு முனையை மட்டும் கடந்து, எத்தனை கைவீச்சு ஆயிற்று என்று குறித்துவரச் சொல்லுங்கள். அந்த எண்ணோடு எனக்கு எழுதுங்கள். மூன்று பெண்மக்களுக்கும் வயது என்ன என்பதையும் சேர்த்து எழுதினால், சிறு பிள்ளைகளுக்கு மிதக்கக் கற்பிப்பது பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.